சிரிப்பாணிக் கூட்டம் நடத்துவது எப்படி

துணுக்கு சொல்லத் தெரிந்த ஒருவர் கிடைத்தால்தான் சிரிப்புக் கூட்டம் நடத்த முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒருவரைத் தேடியே ஆறு மாதம் போய்விடும். அமெரிக்காவில் சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரவைன், கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் பேசிச் சிரிப்பதை ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார். அவற்றில் வேடிக்கை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை 10 முதல் 20 சதவீதம்தான். மிச்சமெல்லாம் "சரி, பிறகு பார்ப்போம்" மாதிரியான சப்பென்ற பேச்சுக்கு வந்தவை. தனியே இருப்பவரைவிட ஆளோடு இருப்பவர் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார் என்பதும் அவர் கண்டதே. நம்மூர் டீக்கடை பெஞ்சில் ஒருவர் "என்னவே, இன்னைக்குச் சூரியன் மேக்கால உதிச்சிட்டா?" என்று கேட்டதும் நாலு பேர் சிரிக்கிறார்கள். அதை எழுதிப் படித்தால் ஒன்றுமே இருக்காது. ஆள் சேர்ந்ததுதான் அங்கே விஷயம்.

மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995 மார்ச் 13 அன்று ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்புக் கூட்டம் தொடங்கியபோது துணுக்குகளை நம்பித்தான் தொடங்கினார். இரண்டு வாரத்தில் சரக்கு தீர்ந்தது. மிச்சம் இருந்தவை ஆபாசமும் அடுத்தவரைக் குத்துவதுமாக இருக்க, வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு துணுக்கை விட்டுவிட்டு, கைதட்டல், மூச்சு, நடிப்புச் சிரிப்பு என்று மாற்றினார். முதலில் நடிப்பாக வரும் சிரிப்பு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிடுகிறது. கீழே வரும் முறையும் அந்த வழியில்தான், நெல்லைச் சீமைக்கு ஏற்றபடி.

மேலுக்கு (உடம்புக்கு) என்ன செய்கிறது

சிரிப்பு முழுக்க வெளிமூச்சில் நடப்பது. ஒவ்வொரு 'ஹா'வும் ஒரு துளி காற்றை வெளியே தள்ளுகிறது. நொடிக்கு ஏறக்குறைய ஐந்து 'ஹா'. பேச்சில் வெளியேறாமல் அடியில் தங்கும் காற்றும் இதில் போய்விடும், அடுத்த மூச்சு தானாக ஆழமாக வரும். வயிற்றுத் தசை, விலாத் தசை, உதரவிதானம் எல்லாம் வேலை செய்யும். நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறி, சிரிப்பு நின்றதும் இறங்கும். தோளும் கழுத்தும் தளர்வது அப்போதுதான்.

வலியைப் பற்றியும் ஒன்று உண்டு. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர், கையில் உறையவைத்த பட்டையைச் சுற்றி எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று, சிரிப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். கூட்டமாக வாய்விட்டுச் சிரித்தவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியிருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மூட்டுவலியோடு வரும் ஆச்சிகள் கூட்டம் முடிந்து கொஞ்ச நேரம் லேசாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்குமேல் கதை விட வேண்டாம். சிரித்தால் சர்க்கரை போய்விடும், அடைப்பு கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரைப் பார்த்துச் சிரிக்கலாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. எடை குறையும் என்பதும் நடக்காது. 10–15 நிமிடம் சிரித்தால் செலவாவது 10 முதல் 40 கலோரி. ஒரு துண்டு அல்வாவுக்குக்கூடக் காணாது.

யார் ஒதுங்கி நிற்க வேண்டும்

சிரிக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம், இரத்தம் போகும் மூலம் உள்ளவர்கள் பலத்த சிரிப்பைத் தவிர்க்க வேண்டும். வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகாதவர்கள், அண்மையில் கண்ணில் ஆபரேஷன் செய்தவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. ஆஸ்துமாக்காரருக்குச் சிரிப்பே இழுப்பைக் கிளப்பலாம். இன்ஹேலர் பையில் இருந்தால்தான் வட்டத்துக்குள் இடம். சளி, இருமல் உள்ளவர் அன்று வீட்டில் இருக்கட்டும். எல்லாரும் வாயைத் திறந்து நிற்கும் இடம் அது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நடத்துபவர் கவனிக்க வேண்டிய இரண்டு அபூர்வச் சங்கதிகள். சிரிக்கும்போதெல்லாம் ஒருவருக்கு முழங்கால் துவண்டு விழப்பார்த்தால் அது வெறும் பலவீனமாக இல்லாமல் நரம்புக் கோளாறாக இருக்கக்கூடும். பக்கவாதம் வந்தவர் காரணமே இல்லாமல், மனசுக்குள் சந்தோஷமும் இல்லாமல் அடக்க முடியாமல் சிரித்தால் அதுவும் நோயின் பகுதி. இரண்டையும் நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

இடமும் நேரமும்

எட்டிலிருந்து பதினைந்து பேர் போதும். ஐந்துக்குக் கீழே போனால் வெட்கம் தெளியாது. இருபதைத் தாண்டினால் எதிர் முகம் தெரியாது. வெயில் காலத்தில் காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஆறே காலுக்குள் முடிக்க வேண்டும். நம்மூர் வெயிலுக்கு ஏழு மணி என்பதே உச்சி மாதிரி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல் காற்று வீசும்போது ஆறரைக்குத் தொடங்கினாலும் சுகமாக இருக்கும். ஆனால் காற்றுக்கு எதிரே முகம் காட்டி நிற்காதீர்கள், தொண்டை வறளும்.

பாளையங்கோட்டைப் பக்கம் மைதானம் இருக்கிறது. கிராமத்தில் பள்ளிக்கூடத் திடல், கோயில் வெளிப்பிராகாரத்துக்கு அப்பால் உள்ள வேப்பமரத்தடி நல்லது. தாமிரபரணிக் கரை என்றால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் படித்துறையின் மேல் நிற்கக் கூடாது. பாசி பிடித்த படியில் கண்ணை மூடிச் சிரிப்பவர் சறுக்கினால் நேரே ஆற்றுக்குள்தான். படிக்கு மேலே, சமதளத்தில், ஆற்றுக்கு முதுகைக் காட்டாமல் வட்டம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையே வேண்டாம்.

வீடுகளுக்குப் பக்கமாக இருந்தால் முதல் நாளே நாலு வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஆறு மணிக்குப் பதினைந்து பேர் "ஹோ ஹோ" என்று கத்தினால் என்ன ஏதென்று ஊரே ஓடிவரும். சாவு நடந்த துட்டி வீடு இருக்கும் தெருவில் அந்த நாட்களில் இடத்தை மாற்றிவிடுவதே மரியாதை.

வருவதற்கு முன் அரை டம்ளர் தண்ணீர் போதும். பலகாரம் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழிய வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருந்தைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரக் கூடாது. தாழ்சர்க்கரை மயக்கத்தைச் சிரித்த மயக்கம் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள். வெற்றிலை, பாக்கு, மிட்டாய் எதுவும் வாயில் இருக்கக் கூடாது, புரையேறும். பல்செட் ஆடுகிறதென்றால் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவது நல்லது. வட்டத்தின் நடுவே அது வந்து விழுந்தால் அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்துவிடும்.

இருபத்தைந்து நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பே கிடையாது. கையிரண்டையும் விரலுக்கு விரல் பொருந்துகிற மாதிரி விரித்துத் தட்டுங்கள். ஒன்று–இரண்டு, ஒன்று–இரண்டு–மூன்று என்பது தாளம். தாளம் படிந்த பிறகு "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று குரல் சேர்க்க வேண்டும். 'ஹோ' அடிவயிற்றிலிருந்தும் 'ஹா' நெஞ்சிலிருந்தும் வரணும். தொப்புளுக்கு மேல் ஒரு கையை வைத்துப் பாருங்கள். 'ஹோ' சொல்லும்போது வயிறு உள்ளே போனால் சரி. தொண்டைதான் அதிர்கிறது, வயிறு சும்மா இருக்கிறது என்றால் மூன்றாம் நாள் குரல் கட்டிவிடும். புதிதாக வருபவர்களிடம் அதிகம் காணும் பிழை இதுதான். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் தானே சரியாகும்.

பிறகு மூச்சு. மூக்கு வழியே நாலு எண்ணும் வரை இழுத்து, வாய் வழியே எட்டு எண்ணும் வரை விடுங்கள், மூன்று முறை. இடையில் மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டாம். தலை கிறுகிறுத்தால் எட்டை ஆறாகக் குறைக்கலாம். இந்த மூன்று மூச்சு ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னும் வரும். நேரமில்லை என்று இதை வெட்டினால் தொடர்ந்து காற்றை வெளியே தள்ளித் தள்ளித் தலை சுற்றும். கண் இருண்டவரைப் பிடித்து உடனே தரையில் உட்கார வைக்க வேண்டும், நிற்க வைத்து விசிறக் கூடாது.

அடுத்த பதினைந்து நிமிடத்தில் ஆறு சிரிப்பு. ஒவ்வொன்றும் அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடம். அதற்குமேல் இழுத்தால் சிரிப்பு செத்து முகம் வலிக்கும்.

முதலாவது வணக்கச் சிரிப்பு. கும்பிட்டபடி ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தரையைப் பார்த்தால் வராது.

டீ ஆற்றும் சிரிப்புதான் நம்மூரில் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. இடக்கையில் கிளாஸ், வலக்கையில் குவளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குவளையைத் தலைக்கு மேலே தூக்கி "ஹே...ஏ...ஏ" என்று இழுத்துக்கொண்டே ஊற்ற வேண்டும், கிளாஸ் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். கைமாற்றி இன்னொரு தடவை. மூன்றாவது தடவை குடித்துவிட்டுச் சீனி போடவில்லை என்று கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும். கை மேலே போகும்போது விலா விரிவதால் மூச்சு நன்றாக இறங்குகிறது. தோள் இறுகியவர்கள் கையைக் காது மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம்.

அல்வாச் சிரிப்பில், சூடான அல்வாவை இலைத் துண்டோடு உள்ளங்கையில் வைத்ததாக நினைத்து "ஊ, ஊ, ஊ" என்று கைக்குக் கை மாற்ற வேண்டும். நெய் விரலில் ஒட்டியது, உதறினால் போகவில்லை. பக்கத்தில் நிற்பவர் சட்டையில் தடவப் போவதுபோல் போனால் நடிப்பு அங்கே உடைந்து நிஜச் சிரிப்பு புறப்படும். அருவிச் சிரிப்புக்குக் குற்றாலத்துக்குப் போனவர்களுக்கு விளக்கமே வேண்டாம். தலையில் தண்ணீர் விழுந்த அந்த முதல் நொடியில் மூச்சை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கி, பிறகு "ஹா" என்று விட வேண்டும். தேர் இழுக்கும் சிரிப்பில் எல்லாரும் ஒரே வடத்தைப் பிடித்ததாக வரிசையில் நின்று, தேர் அசையாமல் நின்று பிறகு பொசுக்கென்று நகர்ந்ததும் பின்னால் சாய்ந்து சிரிக்க வேண்டும். கூட்டத்துக்குள் ஒற்றுமை வருவது இதில்தான். முதுகுவலிக்காரர் வடத்தை விட்டுவிட்டுக் கைதட்டலாம்.

கடைசியில் வாயை மூடிச் சிரிப்பு. உதட்டைச் சேர்த்து, மூக்கு வழியே மட்டும் "ம்ம்" என்று குலுங்க வேண்டும். இதை ஊதிப் பெருக்கக் கூடாது. பலமாக அடக்கினால் காதில் அழுத்தம் வரும்.

மீதி ஐந்து நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ கண்ணை மூடிச் சும்மா இருப்பது. யாராவது ஒருவர் குபுக்கென்று சிரிப்பார், அது வட்டத்தைச் சுற்றி வரும். வரட்டும். எழுந்து ஓட அவசரப்படுபவர்களுக்கு அன்றைய பலனில் பாதி கிடைக்காது என்பது எங்கள் கணிப்பு.

பெண்கள் வெளியே சொல்லாத ஒரு தொந்தரவு உண்டு. பிள்ளை பெற்றவர்களுக்கு, ஐம்பது தாண்டியவர்களுக்கு, சிரிக்கும்போது சிறுநீர் ஒரு சொட்டு கசியும். அதற்குப் பயந்தே இரண்டாம் நாள் வர மாட்டார்கள். வருமுன் சிறுநீர் கழித்துவிட்டு, கால்களைச் சேர்த்து நின்று, சிரிப்பு வரப்போகிறது என்றதும் சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதே தசையை வீட்டில் ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்தி, பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை செய்துவந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும். தெரியவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டலாம். இதைப் பெண்களுக்குப் பெண்ணொருவர் சொல்வதே நடக்கிற காரியம்.

பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கங்களில் திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்குக் காலை ஆறு மணி மைதானம் சரிவராது. பேச்சும் கேலியும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. "எக்கா, உன் தட்டுல தூளவிட கத அதிகம்ளா" என்று ஒருத்தி சொன்னால் போதும், திண்ணை குலுங்கும். ஆனால் குனிந்த கழுத்தோடு, நெஞ்சு மடங்கி, மேல்மூச்சில் வரும் சிரிப்பு அது. இலை வெட்டி முடித்துச் சுற்ற உட்காரும் இடைவெளியில் மூன்று நிமிடம் ஒதுக்கினால் கணக்கு குறையாது. தட்டை இறக்கி, மடியில் இருக்கும் தூளை உதறி, கையைக் கழுவி, திண்ணையை விட்டு இறங்கி மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். சிரித்து முடித்ததும் வாய்வழியே ஆழமாக இழுக்கும் மூச்சில் புகையிலைத் தூசும் சேர்ந்து போகும் என்பதால் தட்டின் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. ஒரு டீ ஆற்றும் சிரிப்பு, ஆறு மூச்சு, தோளைப் பின்பக்கமாக ஐந்து சுற்று. அவ்வளவுதான்.

நக்கலுக்கு ஓர் அளவு

நெல்லைக்காரர் நாக்கு சும்மா இருக்காது. அதனால் வீட்டுக்குள் சிரிப்பைக் கூட்ட விரும்புகிறவர், சிரிப்பு எங்கே எகத்தாளமாகத் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை) என நான்கு என்கிறது தொல்காப்பியம். எள்ளலுக்கு, பேராசிரியர் என்று பெயர்பெற்ற பழைய உரைகாரர் உரை சொல்லும்போது, பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டுத் தானும் நகுவது ஒன்று என்று இரண்டாகப் பிரிக்கிறார். வீட்டில் வேண்டியது அந்த இரண்டாவது. வாரத்தில் எத்தனை தடவை நம்மைப் பார்த்து நாமே சிரித்தோம் என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் மற்றவர்கள் நம்மைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேலிக்கு முறை உண்டு. மச்சான், மைனி, கொழுந்தன், அத்தை மகன் என்றால் வாய் தாராளமாக நீளலாம். ஆனால் கேலி செய்யப்படுகிறவர் திருப்பிச் சொல்ல முடிகிற இடமா என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்த மருமகளை வீடே கேலி செய்கிறது, அவள் தலையைக் குனிந்து சிரிக்கிறாள் என்றால் அதைச் சிரிப்பில் சேர்க்க முடியாது. நிஜமாகச் சிரிப்பவரின் கண்ணோரம் சுருங்கி, கன்னம் மேலேறும். வாய் மட்டும் நீண்டு கண் அப்படியே இருந்தால் உடனே பேச்சை மாற்றுங்கள். நிறம், பருமன், நகைநட்டு, பிள்ளையில்லாதது, வேலை கிடைக்காதது, சாதியை ஒட்டிய பட்டப்பெயர், இவற்றை எந்த முறைக்காரரும் தொடக் கூடாது.

கதை சொல்லிச் சிரிக்க வைக்கப் பழகுகிறவர் வில்லுப்பாட்டைக் கவனிக்கலாம். பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுகிறார். சில சமயம் குறுக்குக் கேள்வியும் கேட்கிறார். வேடிக்கை கிளம்புவது பெரும்பாலும் அந்த ஆமாக்காரரிடம்தான். வீட்டில் தாத்தா பழைய கதையைத் தொடங்கும்போது யாராவது ஒருவர் ஆமா போட்டு, நடுவே "அப்போ அந்த மாடு என்ன சொல்லிச்சு தாத்தா?" என்று கேளுங்கள். கேட்ட கதையே வேறாகிவிடும்.

கருமாதி முடியாத வீட்டாரைக் கூட்டத்துக்கு வா வா என்று இழுக்காதீர்கள். அவர்களாக வந்தால் மூச்சுக்கு மட்டும் நிற்கட்டும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, செத்தால் தேவலை என்று பேச்சு வருகிறது என்றால் அங்கே சிரிப்புப் பயிற்சி மருந்தாகாது. அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கூட்டம் கலைந்ததும் பத்து நிமிடம் டீக்கடையில் உட்காருவதைப் பயிற்சியின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தானாக வரும் சிரிப்பு அதிகம் கேட்பது அங்கேதான். போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கக் கூடாது. சர்க்கரைக்காரருக்கு டீ சீனி இல்லாமல். டீக் காசை அண்ணாச்சி ஒருவரே தினமும் கொடுக்கும்படி விட்டுவிடாமல் ஆளுக்கு ஒருநாள் என்று முறை வையுங்கள். மூன்றாம் மாதம் ஆள் குறையத் தொடங்கினால் முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.